தலை திரும்பாத பிள்ளைகள்

தொண்ணூறுகளில் அரசு மருத்துவமனைப் பிரசவ வார்டுகளில் தொழில் பழகிய என் தலைமுறைக்குத் தலை திரும்பாத பிள்ளை என்பது கையால் செய்து முடிக்கவேண்டிய ஒரு வேலை. பிட்டம் முதலில் இறங்கி, உடம்பு பின்னால் வந்து, தலை கடைசியாகப் பிறக்கும் அந்தப் பிரசவத்தைப் பலமுறை பார்த்து, பிறகு மூத்தவர் பக்கத்தில் நிற்கத் தானே செய்து பழகாமல் யாரும் அங்கிருந்து படிப்பை முடித்துக்கொண்டு போனதில்லை. இன்று முதுநிலைப் படிப்பு முடித்து வருகிறவர்களில் பலர் அதைப் பாடப்புத்தகப் படத்தில் மட்டும் பார்த்தவர்கள். கடைசி மாத ஸ்கேனில் ‘பிரீச்’ என்று எழுதியிருந்தால் நாள் பார்த்து ஆபரேஷன், அதோடு பேச்சு முடிந்தது. இருபத்தைந்து ஆண்டுகளுக்குள் நடந்து முடிந்த இந்த மாற்றத்தில் பாதி நியாயம், பாதி அவசரம் என்பது என் கணிப்பு. சிசேரியனைப் பெரும்பாலோருக்கு வழியாக்கியதில் எனக்குப் பெரிய சண்டை கிடையாது. சிசேரியன்தான் இருக்கிறதே என்று, வயிற்றின் மேலிருந்தே பிள்ளையைத் திருப்பும் வேலையையும், திரும்பாமல் வந்துவிட்ட பிள்ளையைக் கீழ்வழியாகவே பத்திரமாக வாங்கும் வேலையையும் சேர்த்துத் தலைமுழுகியதைத்தான் ஏற்க முடியவில்லை.

முதலில், இது அபூர்வம் என்று நினைக்கிறவர்களுக்கு ஒரு கணக்கு. ஏழாம் மாதத் தொடக்கத்தில் நான்கைந்து பிள்ளைகளில் ஒன்று தலைமேலாகத்தான் இருக்கும். பெரும்பாலானவை பிறகு தாமாகவே புரண்டுவிடும். மாதம் நிறையும்போது நூற்றுக்கு மூன்று, நான்கு பிள்ளைகள் அப்படியே தங்கிவிடுகின்றன. தமிழ்நாட்டில் ஆண்டுக்குச் சுமார் 9 லட்சம் பிரசவங்கள் என்று வைத்தால், இருபத்தைந்தாயிரத்துக்குக் குறையாத பெண்கள் ஒவ்வோர் ஆண்டும் இந்தச் செய்தியைக் கேட்டுவிட்டு ஸ்கேன் அறையிலிருந்து வெளியே வருகிறார்கள். முதுகுப் பிடிப்பு வந்தால் காலால் பிறந்தவரைக் கூப்பிட்டு மிதிக்கச் சொல்லும் வழக்கம் நம் ஊர்களில் இருந்ததே, தெருவுக்கு ஒருவராவது அப்படிப் பிறந்து பிழைத்திருந்தால்தானே அது நடக்கும்? காரணம் என்று பார்த்தால் கருப்பையின் நடுவே தடுப்பு, நார்த்திசுக்கட்டி, கீழே இறங்கிய நஞ்சு, பனிநீர் கூடுதல் அல்லது குறைவு, இரட்டைப் பிள்ளை, மாதம் நிறையாமை என்று பட்டியல் உண்டு. ஆனால் பெரும்பாலான பெண்களிடம் இவற்றில் எதுவும் இராது. அதற்குள் வீட்டில், அவள் படுத்த பக்கம் சரியில்லை, வேலை செய்யவில்லை, அதிகமாக வேலை செய்தாள் என்று ஆளுக்கொரு குற்றப்பத்திரிகை தயாராகிவிடும். நார்வே நாட்டின் பிறப்புப் பதிவேடுகளை அலசி 2008-இல் வெளியான ஆய்வு ஒன்று, பிட்டம் முதலாகப் பிறந்த தாய்க்கு அப்படிப் பிள்ளை பிறக்க வாய்ப்பு இருமடங்குக்கும் மேல் என்றது. அப்படிப் பிறந்த தந்தைக்கும் ஏறத்தாழ அதே அளவு. மாமியார்கள் கொஞ்சம் தங்கள் பிள்ளையைப் பெற்ற கதையையும் நினைத்துப் பார்க்கலாம்.

அந்தப் பிரசவத்தில் என்ன நடக்கும் என்று தெரியாதவர்களுக்கு ஏன் அதைக் கற்கவேண்டும் என்பதும் புரியாது. பாதிக்கும் மேற்பட்ட பிள்ளைகள் இடுப்பில் மடங்கி, கால் இரண்டையும் முகத்துக்கு நேரே நீட்டிக்கொண்டு, பிட்டத்தை மட்டும் கீழே வைத்திருக்கும். இதுதான் கீழ்வழிப் பிரசவத்துக்கு ஓரளவு தோதானது. பாதம் முதலில் இறங்குவதுதான் ஆபத்து. வழியை அடைக்கப் பெரிதாக எதுவும் இல்லாததால் பனிக்குடம் உடைந்ததும் தொப்புள்கொடி நழுவி முன்னால் வந்துவிடும். பிட்டம் ஒருக்களித்து இறங்கும்போது கருப்பாகக் களிம்பு போல் மலம் வழியும். தலை முதலாக வரும் பிள்ளைக்கு அது பயப்படவேண்டிய அறிகுறி, இங்கே வயிறு நசுங்குவதால் வருவது. தொப்புள் தெரியும்வரை பிள்ளையைத் தொடாதே என்பதுதான் முதல் பாடம். கையைக் கட்டிக்கொண்டு நிற்கத் தெரியாதவன் இந்த வேலைக்கு ஆகமாட்டான் என்பார்கள் மூத்தவர்கள். அவசரப்பட்டு இழுத்தால் பிள்ளையின் கைகள் மேலே ஏறித் தலையோரம் மாட்டிக்கொள்ளும், தாடை நிமிர்ந்துவிடும். நிமிர்ந்த தலை குனிந்த தலையைவிட அகலம். தொப்புள் வந்ததும் கொடியை ஒரு சுற்று தளர்த்திவிட்டு, சூடான துண்டை இடுப்பில் சுற்றிப் பிடிக்கவேண்டும். விரல்கள் இடுப்பெலும்பின் மேல் இருக்கவேண்டும், வயிற்றில் பட்டால் ஈரல் கிழியும். முதுகு எப்போதும் மேல்நோக்கி. கை மாட்டியிருந்தால் உடம்பை அரைவட்டம் இப்படி, அரைவட்டம் அப்படி என்று திருப்பினால் தோள்கள் ஒவ்வொன்றாக முன்னெலும்புக்குக் கீழே வந்து கைகள் தாமாக விழும். நார்வே மருத்துவர் லோவ்செட் 1930-களில் சொல்லிக்கொடுத்தது இது. பிறகு பிடரியின் முடிக்கோடு தெரியும்வரை மறுபடியும் பொறுமை. அதன்பின் பிள்ளையை முன்கையின் மேல் கவிழ்த்துப் படுக்கவைத்து, கன்ன எலும்பில் இரண்டு விரல், மறுகையின் நடுவிரலால் பின்தலையை அழுத்தித் தலையைக் குனியவைத்து, உதவிக்கு நிற்பவர் அடிவயிற்றில் அழுத்த, வாய், மூக்கு, நெற்றி என்று வரிசையாக வெளியே வரும். பதினேழாம் நூற்றாண்டுப் பிரெஞ்சு மருத்துவர் மோரிசோவின் பெயரில் வழங்கும் முறை. தொப்புள் தெரிந்த பிறகு மணிக்கணக்கு கிடையாது, நிமிடக்கணக்குத்தான். இதில் புத்தி பாதி, விரல்களின் பழக்கம் பாதி. எழும்பூர் மகப்பேறு மருத்துவமனையின் வழிவந்த லட்சுமணசாமி முதலியாரும் கிருஷ்ண மேனனும் எழுதிய பாடநூலைப் படித்து வளர்ந்த எங்களுக்கு இவை அனைத்தும் அத்தியாயங்களாகத் தெரியும். ஆனால் கற்றது படுக்கையருகில்தான்.

இந்தப் பழக்கத்தை நிறுத்தியது ஒரே ஆய்வு என்று சொன்னால் மிகையில்லை. கனடாவின் டொராண்டோவைச் சேர்ந்த மேரி ஹன்னா தலைமையில் 26 நாடுகளில் 121 மருத்துவமனைகளில் நடந்து, 2000 அக்டோபரில் ‘லான்செட்’ இதழில் வெளியானது. மாதம் நிறைந்த 2,088 பெண்களைச் சீட்டுக் குலுக்குவது மாதிரி இரண்டாகப் பிரித்து, ஒரு பாதிக்குத் திட்டமிட்ட சிசேரியன், மறுபாதிக்குத் திட்டமிட்ட கீழ்வழிப் பிரசவம். பிள்ளை இறப்பதோ கடுமையாகப் பாதிக்கப்படுவதோ சிசேரியன் பக்கம் 1.6 சதவீதம், மறுபக்கம் 5 சதவீதம். வித்தியாசம் அவ்வளவு பெரிதாக இருந்ததால் ஆய்வையே பாதியில் நிறுத்தினார்கள். செய்தி காட்டுத்தீயாகப் பரவியது. அமெரிக்க மகப்பேறு மருத்துவர் கல்லூரி 2001-இலேயே திட்டமிட்ட கீழ்வழிப் பிரசவம் வேண்டாம் என்றது. நெதர்லாந்தில் ஆய்வு வெளியான இரண்டே மாதத்தில் இத்தகைய பிள்ளைகளுக்கான சிசேரியன் 50 சதவீதத்திலிருந்து 80 ஆக ஏறியது. மருத்துவ உலகம் ஒரு கட்டுரைக்காக இத்தனை வேகமாக வழக்கத்தை மாற்றிக்கொண்ட சந்தர்ப்பங்கள் குறைவு. நம் வார்டுகளிலும் அந்த அலை கொஞ்சம் தாமதமாக வந்தது, வந்தபிறகு திரும்பிப் போகவில்லை.

அலை ஓய்ந்தபின் நடந்தவை அவ்வளவு பரவலாகப் பேசப்படவில்லை. அதே ஆய்வின் பிள்ளைகளை இரண்டு வயதுவரை தொடர்ந்து பார்த்து 2004-இல் வெளியிட்ட கணக்கில், இறப்பும் வளர்ச்சிக் குறைவும் சேர்த்து சிசேரியன் பக்கம் 3.1 சதவீதம், கீழ்வழிப் பக்கம் 2.8. அதாவது வித்தியாசமே இல்லை. பிறந்த சமயத்தில் ‘கடும் பாதிப்பு’ என்று குறிக்கப்பட்ட பிள்ளைகளில் பெரும்பாலோர் தேறிவிட்டிருந்தார்கள். மரெக் கிளெசர்மன் போன்ற விமர்சகர்கள் மூல ஆவணங்களைப் புரட்டி, சில பிரசவங்களில் பழகிய கை பக்கத்திலேயே இல்லை, தலை நிமிர்ந்திருக்கிறதா என்று பார்க்கப் பலருக்கு ஸ்கேன்கூட எடுக்கவில்லை என்று காட்டினார்கள். பிறகு 2006-இல் பிரான்சிலும் பெல்ஜியத்திலும் 174 மருத்துவமனைகளில் 8,105 பெண்களைக் கவனித்த ஆய்வு வந்தது. அந்நாடுகளில் இந்தக் கைவேலை விட்டுப்போகவில்லை. யாருக்குச் சரிப்படும் என்று கறாராகப் பொறுக்கி எடுத்து 2,526 பேருக்குக் கீழ்வழிப் பிரசவம் திட்டமிட்டார்கள். அவர்களில் 71 சதவீதம் பேர் அப்படியே பெற்றார்கள். பிள்ளைகளின் இறப்பும் கடும் பாதிப்பும் அங்கே 1.60 சதவீதம், சிசேரியன் பக்கம் 1.45. இது குலுக்கல்முறை ஆய்வு அல்ல என்பது அதன் குறை, ஒத்துக்கொள்கிறேன். ஆனால் முதல் ஆய்வு, கிடைத்த கையை வைத்துச் செய்தால் என்ன ஆகும் என்று காட்டியது. இரண்டாவது, பழகிய கையையும் பொறுக்கியெடுத்த தாயையும் வைத்துச் செய்தால் என்ன ஆகும் என்று காட்டியது. இரண்டையும் சேர்த்து வாசித்தால் ஆபத்தின் பெரும்பங்கு பிள்ளை இருந்த வாகில் இல்லை, வாங்கிய கையில் இருந்தது என்றுதான் எனக்குப் படுகிறது.

இதற்கு வரும் முதல் மறுப்பு கனமானது. நெதர்லாந்தில் சிசேரியன் கூடிய பிறகு, மாதம் நிறைந்த இத்தகைய பிள்ளைகளின் இறப்பு 0.35 சதவீதத்திலிருந்து 0.18 ஆகக் குறைந்தது. பிரிட்டனின் ராயல் மகப்பேறு மருத்துவர் கல்லூரி 2017-இல் வெளியிட்ட வழிகாட்டியும் திட்டமிட்ட சிசேரியனில் ஆயிரத்துக்கு 0.5 பிள்ளை இறப்பு, திட்டமிட்ட கீழ்வழிப் பிரசவத்தில் ஆயிரத்துக்கு 2 என்கிறது. அந்த ஒன்றரைப் பிள்ளை என் பிள்ளையாக இருந்தால் என்று ஒரு தாய் கேட்டால் அதற்கு மேல் பேச என்ன இருக்கிறது? அவள் சிசேரியனைக் கேட்பது முழுக்க நியாயம். ஆனால் அதே வழிகாட்டி, தலை முதலாக வரும் சாதாரணப் பிரசவத்திலும் ஆயிரத்துக்கு 1 இறப்பு உண்டு என்பதையும் பக்கத்திலேயே எழுதி, மூன்றையும் சேர்த்துத் தாயிடம் சொல்லச் சொல்கிறது. நெதர்லாந்திலேயே 2000-க்கும் 2002-க்கும் இடையில், பிள்ளை தலை திரும்பாததற்காக மட்டும் திட்டமிட்டு ஆபரேஷன் செய்துகொண்ட நான்கு தாய்மார்கள் இறந்தார்கள் என்பதும் பதிவில் இருக்கிறது. அடுத்தடுத்த பிரசவங்களின் கணக்கு வேறு. நஞ்சு கீழே இறங்கியிருக்கும் பெண்களில் அது கருப்பைச் சதைக்குள் வேரோடிப்போகும் ஆபத்து முதல் சிசேரியனின்போது 3 சதவீதம், இரண்டாவதில் 11, மூன்றாவதில் 40 என்று அமெரிக்கப் பெரும் ஆய்வு ஒன்று 2006-இல் காட்டியது. தமிழ்நாட்டில் இரண்டோடு நிறுத்திக்கொள்கிறார்களே, மூன்றாவது எங்கே வந்தது என்பார்கள். வாஸ்தவம், இந்த வாதம் இங்கே பாதிப் பலத்தோடுதான் நிற்கும். ஆனாலும் இரண்டாவது பிரசவம் உண்டே. முதல் பிரசவத்துத் தழும்பு அதையும் பெரும்பாலும் ஆபரேஷனாக்கிவிடுகிறது. ஐந்தாவது தேசியக் குடும்ப நலக் கணக்கெடுப்பின்படி நம் மாநிலத்தில் 44.9 சதவீதப் பிரசவங்கள் சிசேரியன், தனியார் மருத்துவமனைகளில் 63.8. இந்தக் குன்றில் பிரீச் ஒரு சிறு கல்தான்; ஆனால் எடுத்துவிடக்கூடிய கல்.

எப்படி எடுப்பது என்றால், இங்கேதான் நான் அதிகம் கோபப்படும் இடம் வருகிறது. வெளியிலிருந்து திருப்பும் முறையில் கத்தியும் இல்லை, கீழ்வழிப் பிரசவத்தின் நிமிடக்கணக்கும் இல்லை. முதல் பிரசவமானால் 36 வாரத்திலிருந்து, அடுத்ததானால் 37-இலிருந்து செய்யலாம். ஸ்கேனில் நஞ்சின் இடம், பனிநீர், பிள்ளையின் இதயத்துடிப்பு எல்லாம் பார்த்துவிட்டு, சிறுநீர் கழிக்கச் சொல்லிப் படுக்கவைத்து, கருப்பை தளர ஒரு ஊசி போட்டு, வயிற்றில் ஜெல் தடவிக்கொண்டு, முதலில் பிட்டத்தை இடுப்புக்கூட்டிலிருந்து மேலே தூக்கி ஒரு பக்கமாக ஒதுக்கவேண்டும். பிறகு ஒரு கை பிட்டத்தை மேலே தள்ள, மறு கை தலையைக் கீழே அணைக்க, பிள்ளை முன்பக்கமாகக் குட்டிக்கரணம் போடும். நடுவில் நிறுத்தி நிறுத்தித் துடிப்பைப் பார்க்கவேண்டும். சிலருக்குச் சில நிமிடங்களில் திரும்பிவிடும். சிலருக்குக் கல்லாக நிற்கும், விட்டுவிடவேண்டியதுதான். பொதுவாகப் பாதிப்பேருக்குத் திரும்புகிறது. திரும்பியதில் மறுபடி பழைய வாகுக்குப் போவது நூற்றுக்கு ஐந்துக்கும் குறைவு. வலிக்காதா என்றால் வலிக்கும், தாய் போதும் என்றால் அந்த நொடி நிறுத்தவேண்டும். ஆபத்து இல்லையா என்றால் இருநூறில் ஒருவருக்கு உடனே சிசேரியன் செய்யவேண்டி வரலாம், அதனால்தான் தியேட்டர் பக்கத்தில் இருக்கும் இடத்தில் செய்யவேண்டும் என்கிறோம். இரட்டைப் பிள்ளை, ரத்தப்போக்கு, உடைந்த பனிக்குடம், கீழிறங்கிய நஞ்சு இருந்தால் தொடக்கூடாது. ரத்தவகை நெகட்டிவ் என்றால் அதற்கான ஊசி போடவேண்டும். கிராமத்து மருத்துவச்சிகள் எண்ணெய் தடவித் திருப்பிய கதைகளைச் சொல்லி இதை நாட்டு வைத்தியத்தோடு சேர்த்துப் பேசுகிறவர்கள், நஞ்சு எங்கே இருக்கிறது என்று பார்க்காமல் திருப்புவதும் பார்த்துத் திருப்புவதும் ஒன்றல்ல என்பதை மறந்துவிடுகிறார்கள். முழங்காலிட்டு மார்பைத் தரையில் வைத்துக் கிடப்பது, கால் சுண்டுவிரல் ஓரத்தில் மூலிகை சுட்டு வெப்பம் காட்டும் சீன முறை, இவற்றுக்கு உறுதியான சான்று இதுவரை இல்லை, செய்வதில் பெரிய கெடுதலும் இல்லை. பாதிக்குப் பாதி பலன் தரும் ஒரு முறையை, அதிலும் எல்லா வழிகாட்டிகளும் முதலில் சொல்லச் சொல்லும் முறையை, அப்படி ஒன்று இருப்பதாகக்கூடத் தெரியாமலேயே பெண்கள் தியேட்டருக்குள் போகிறார்கள் என்றால் அதற்கு நேரமின்மை, பழக்கமின்மை, ஆபரேஷனில் வரும் சௌகரியம் என்று மூன்றையும் காரணமாகச் சொல்லலாம். மூன்றும் மருத்துவரின் காரணங்கள்.

இனி இரண்டாவது கைவேலைக்கு வருவோம். திருப்பியும் திரும்பாதவர்களுக்கு சிசேரியன் என்றே வைத்துக்கொண்டால், கீழ்வழியாக வாங்கத் தெரிந்து என்ன பயன், இங்கே அநேகமாக எல்லாப் பிரசவமும் மருத்துவமனையில்தானே நடக்கிறது என்று கேட்கிறார்கள். பிள்ளை வழிகாட்டி படித்துவிட்டு வருவதில்லை. கடைசி ஸ்கேனுக்கு வராமல், வலியோடு, பிட்டம் வாயிலில் தெரியும் நிலையில் வந்திறங்கும் பெண் ஆரம்ப சுகாதார நிலையத்துக்கும் வருவாள், நகரத்து மருத்துவமனைக்கும் வருவாள். 108 வண்டியிலேயே பிறக்கும் பிள்ளைகளில் பிட்டம் முதலாக வருபவையும் உண்டு. இரட்டையில் முதல் பிள்ளை தலை முதலாகப் பிறந்தபின் இரண்டாவது பிள்ளை எப்படித் திரும்பிக்கொள்ளும் என்று யாரும் எழுதித்தர முடியாது. மாதம் நிறையாமல் ஏழாம், எட்டாம் மாதத்தில் வலி எடுப்பவர்களிடம் இந்த வாகு இன்னும் அதிகம். இந்த இடங்களிலெல்லாம் சிசேரியனுக்குப் பொழுது இருக்காது. அங்கே நிற்கும் மருத்துவரோ செவிலியரோ பயந்து காலைப் பிடித்து இழுத்தால் நடப்பது என்ன என்று முன்பே சொல்லிவிட்டேன். சிசேரியன் கொள்கை கொண்டுவந்த பாதுகாப்பில் ஒரு பகுதியை, சிசேரியன் செய்ய முடியாத பெண்களின் பிள்ளைகள் திருப்பிச் செலுத்துகிறார்கள். இதை எந்த ஆய்வும் சரியாக எண்ணவில்லை, எண்ணுவதும் சுலபமில்லை. அதற்காக இல்லை என்று ஆகிவிடாது.

வழக்குப் பயத்தைப் பற்றியும் ஒரு வார்த்தை. ஆபரேஷன் செய்து ஏதாவது ஆனால் விதி என்பார்கள், செய்யாமல் ஏதாவது ஆனால் டாக்டர் என்பார்கள். இந்தப் பயம் பொய்யில்லை. ஆனால் அமெரிக்கக் கல்லூரியே 2006-இல் தன் 2001 உத்தரவைத் தளர்த்தி, அனுபவமுள்ள கையும் தெளிவான சம்மதமும் இருந்தால் செய்யலாம் என்றது. கனடா 2009-இல் இன்னும் ஒருபடி மேலே போய், பயிற்சியை மீண்டும் கொண்டுவரச் சொன்னது. ஆகவே சட்டத்தின் முன் காட்டக் காகிதம் இல்லாமல் இல்லை. காட்டும் கைதான் இல்லை.

கடைசி மறுப்பைத்தான் நான் அதிகம் மதிக்கிறேன். மருத்துவரே ஒத்துக்கொண்டாலும், தாயே கேட்டாலும், பழகுவதற்குப் பிரசவங்கள் எங்கே இருக்கின்றன? ஆண்டுக்கு ஒன்றோ இரண்டோ பார்த்து ஒரு கை பழகாது, பழகாத கையிடம் தாயை ஒப்படைப்பதும் அறமில்லை. ஆகவே எல்லா மருத்துவமனையும் கீழ்வழி பிரீச் பிரசவத்தை மீண்டும் தொடங்கவேண்டும் என்று நான் சொல்லமாட்டேன். மாவட்டத்துக்கு ஒரு பெரிய மருத்துவமனையில், பழகிய இருவர் மூவர் இருக்கும் இடத்தில், பொறுக்கியெடுத்த சிலருக்கு என்றால் போதும். மற்ற இடங்களில் பயிற்சிக்கு ரப்பர் பொம்மையும் இடுப்புக்கூட்டு மாதிரியும் இருக்கின்றன, விலையும் ஒரு ஸ்கேன் இயந்திரத்தின் விலையில் தூசுதான். ஆனால் பொம்மையைவிட நல்ல பாடசாலை ஒன்றை நாம் தினமும் திறந்து மூடிக்கொண்டிருக்கிறோம். தலை திரும்பாத பிள்ளையைச் சிசேரியனில் வயிற்றைக் கீறி வெளியே எடுக்கும்போதும் பிட்டம்தான் முதலில் வருகிறது. அங்கும் காலை மடக்கி எடுக்கவேண்டும், இடுப்பெலும்பில்தான் பிடிக்கவேண்டும், கை மாட்டினால் அதே அரைவட்டம், தலைக்கு அதே இரண்டு விரல் கன்னத்தில். கீறல் சிறிதாக இருக்கும்போது இழுத்தால் அங்கும் தலை மாட்டும். பேராசிரியர் எதிரில் நின்று, இது லோவ்செட், இது மோரிசோ என்று ஒவ்வொன்றாகப் பெயர் சொல்லி மாணவரின் கையைக் கொண்டே செய்யவைத்தால் ஆபரேஷன் நேரம் இரண்டு நிமிடம்கூட அதிகமாகாது. இப்போது பெரும்பாலும் நடப்பது, சீனியர் சட்டென்று எடுத்துக் குழந்தை மருத்துவரிடம் கொடுத்துவிட்டு, தையலை ஜூனியரிடம் விட்டுவிட்டுக் கையுறையைக் கழற்றுவது.